அரை கிராம் எலும்பு

நாக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று மாடிப்படி ஏறும்போதே நினைத்தேன். நினைத்ததாலேயே அது போய்விட்டது. கீழ்வரிசையில் நடுவிலிருந்து இடதுபக்கம் இரண்டாவது பல். உள்ளிருந்து நுனிநாக்கால் தள்ளினால் வெளிப்பக்கம் சாய்கிறது, விட்டால் திரும்பி வருகிறது, ஆனால் போன மாதம் வந்து நின்ற இடத்துக்கு இந்த மாதம் வரவில்லை. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து விழுந்திருக்கிறது. வலி கிடையாது. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன், வலிக்கிற சமாச்சாரத்தைச் சொல்லவும் கேட்கவும் மனிதர்கள் பழகியிருக்கிறார்கள், ஆடுகிறது என்று எப்படிச் சொல்வது, அதுவும் நான். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ரெடிமேட் கடைக்கு மேல்மாடியில், பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில், மடியில் கறுப்புப் பையோடு உட்கார்ந்திருக்கிறேன். பைக்குள் எலும்பு இருக்கிறது. ஒன்பது வருஷமாக நான் விற்பது எலும்பு. ஈறு நோயில் பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு கரைந்து பள்ளமாகிப் போனவர்களுக்கு, அந்தப் பள்ளத்தில் இட்டு நிரப்புகிற எலும்புத்தூள், சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், அரை கிராம், ஒரு கிராம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் எனக்குத் தெரியாத பல் டாக்டர் கிடையாது. போனால், 'ஞானதுரை, வாங்க, உட்காருங்க' என்று நாற்காலி காட்டுவார்கள். அது மேஜைக்கு எதிரே போட்ட நாற்காலி. அந்த இன்னொன்றில், விளக்குக்குக் கீழே சாய்த்துப் போடுகிற நாற்காலியில், இதுவரை ஒருத்தர் முன்னாலும் நான் உட்கார்ந்ததில்லை.

"டாக்டர் கேஸ்ல இருக்காங்க சார். அது முடிஞ்சதும் ஒரு ஆபரேஷன் வேற இருக்கு. ரெப் எல்லாரும் கடைசிதான்" என்றாள் வரவேற்பில் இருக்கும் பிரிசில்லா. பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். பேச வேண்டியிருந்தாலும் உதட்டை அதிகம் திறக்காமல் பேசுவதற்கு இந்த ஒரு வருஷத்தில் தேறிவிட்டேன். பகரமும் மகரமும் சுலபம், உதடு தானாக மூடிக்கொள்ளும். ஈகாரம்தான் ஆபத்து, உதடு இரண்டு பக்கமும் விரிந்து கீழ்வரிசை முழுக்க வெளியே வந்துவிடும். ஆனால் என் பிழைப்பே ஈறு என்ற சொல்லில்தான் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அதை 'இறு' என்று குறுக்கிச் சொல்லப் பழகினேன். ஒரு டாக்டர்கூடக் கவனிக்கவில்லை. டாக்டர்கள் என் வாயைப் பார்ப்பதில்லை, நான் திறந்து காட்டுகிற டேப்லெட்டைப் பார்க்கிறார்கள். அதில் முதலில் ஒரு எக்ஸ்ரே, இரண்டு பல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒரு குழிவு. விரலால் தள்ளினால் அடுத்த எக்ஸ்ரே, கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை மூட்டம். அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும், நேரில் தெரியாது. என் லைனில் மற்ற ரெப்புகள் ஆபரேஷன் அறைக்குள் டாக்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு ரத்தம் ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹைதராபாத்தில் ஒரு ஹோட்டலில் வைத்துப் பயிற்சி கொடுத்தவன், மாடு என்கிற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது, இயற்கைத் தாது என்று சொல்லுங்கள் என்றான். எங்களை வரிசையாக எழுப்பிச் சொல்லச் சொன்னான். நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்று இயற்கைத் தாது, இயற்கைத் தாது என்று சொன்னோம்.

கொய்யாப்பழத்தில்தான் முதலில் தெரிந்தது. ஷீபா வாங்கி வந்தது, பாதிதான் பழுத்து நல்ல காய்வெட்டாக இருந்தது, கடித்துவிட்டுக் கையில் பார்த்தால் வெள்ளைச் சதையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. சிவப்புக் கொய்யாவா என்று திருப்பிப் பார்த்தேன், வெள்ளைக் கொய்யாதான். மீதியை அவள் பார்க்காமல் பின்வாசலில் போட்டேன். அன்றைக்கே காட்டியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியும், தினம் டாக்டர்களிடம் நான் ஒப்பிக்கிற பாடத்தின் முதல் வரியே ரத்தக்கசிவுதான், இரண்டாவது வாடை, மூன்றாவது பல் விலகுதல், நான்காவது ஆடுதல். ஒவ்வொரு வரியாக வந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ நடப்பதைப் போல ஒரு மாதிரி ஆர்வத்தோடுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முறுக்கை விட்டேன், பிறகு கறியை, பிறகு சப்பாத்தியை. இட்லி இருக்கிறதா என்று கேட்பேன். என் கைச் சமையல் கசந்துபோச்சா என்றாள் ஷீபா, வயிறு சரியில்லை என்றேன். வாடையை எனக்கே உணர முடிந்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தேன். மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் அது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருத்தன் வாயைத் திறக்காமல் இருந்தால் அது எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. பேச வேண்டியதைக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினேன். சிரிப்பு வந்தால் கையை வைத்து மூடினேன், பிறகு சிரிக்கிற மாதிரி எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், கையில் என் சட்டையை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "யாரும் இருக்காளா அத்தான்?" எனக்குப் புரியவில்லை. வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு புரிந்தது. "கிறுக்கு மாதிரிப் பேசாத" என்றேன், உதட்டைத் திறக்காமல். அப்படி உதட்டைத் திறக்காமல் சொன்னால் அந்த வார்த்தை எப்படி இருக்கும். இருக்காளா. இருக்காளா அத்தான். சட்டையை மடித்து மற்றத் துணிகளின் மேல் வைத்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள்.

நாக்கு மறுபடி அங்கேதான் இருக்கிறது. எடுத்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார், ஐம்பது தாண்டிய வயது, நீலப்பூப் போட்ட சேலை, காலில் பழுப்பு நிற போலீஸ் ஷூ. முதுகு நாற்காலியில் படவே இல்லை. கையில் ஒரு எக்ஸ்ரே கவர். என்னையும் என் பையையும் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார், பஸ் ஸ்டாண்டில் பையைச் சோதிக்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

"நீங்க பேஷன்ட்டா?"

"இல்ல மேடம். கம்பெனி ரெப்."

"என்ன கம்பெனி? மருந்தா?"

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, சும்மா மருந்துதான் என்றிருக்கலாம். "பல் டாக்டருக்கு வேண்டிய சாமான் மேடம். இந்த எலும்பு வைக்கிறதுன்னு…"

அவர் முழுசாக என் பக்கம் திரும்பினார். தன் பெயர் செண்பகவல்லி, போக்குவரத்துப் போலீசில் ஏட்டு, வண்ணார்பேட்டை சிக்னல், கீழே முன்வரிசையில் நாலு பல்லுக்கு எலும்பு கரைந்துவிட்டது, இன்றைக்குத்தான் ஆபரேஷன் என்று வரிசையாகச் சொன்னார், வாக்குமூலம் கொடுப்பது போல. விசில் அடிக்கிற பல் அது. கொஞ்ச நாளாக விசில் பல்லில் நிற்காமல் நழுவுகிறதாம், கையால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் வண்டியை எந்தக் கையால் நிறுத்துவது. மகள் பிடுங்கிவிட்டுச் செட் கட்டிக்கோ என்கிறாள். டாக்டர், பள்ளத்தில் எலும்பு வைத்துப் பார்க்கலாம், நாலைந்து தினுசு இருக்கிறது, எது வைக்கச் சம்மதம் என்று யோசித்து வந்து சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். "நான் என்னத்த யோசிக்க? திருடன் மூஞ்சியக் காட்டுங்க, சொல்லுதேன். பொடியக் காட்டுனா எனக்கு என்ன தெரியும்? உங்க பையில இருக்கா அது? காட்டுங்க."

சாம்பிளுக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "ரவையில்லா இது."

"பாக்க அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றேன், வாய் தானாகப் பாடத்தைத் தொடங்கிவிட்டது. நம் உடம்பிலிருந்தே, தாடையில் வேறு இடத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது ஒன்று. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பைச் சுத்தம் பண்ணித் தூளாக்கி வைப்பது ஒன்று. சுண்ணாம்புச் சத்தும் மற்றதும் சேர்த்து ஆலையில் செய்வது ஒன்று. பிறகு இயற்கைத் தாது. மிக அதிகமான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு, உயிர்ச்சத்து எல்லாம் நீக்கப்பட்டு…

"இயற்கைத் தாதுன்னா?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன், மறுபடி திறந்தேன்.

"என்ன, நீங்க தயங்குததப் பாத்தா மாடா?"

"ஆமா மேடம். மாட்டெலும்பு."

அவர் குப்பியை மறுபடி ஆட்டினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், அப்படி எழுந்து போனவர்களைப் பற்றி டாக்டர்கள் என்னிடம் நிறையக் குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்னார், "நானும் செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கவதான் தம்பி. ஆனா ஒண்ணு, நடுரோட்டுல படுத்துக்கிட்டு நகர மாட்டேன்னு அடம்பிடிக்கும் பாருங்க, அந்த மாடுகளுக்கு ஒரு லாரிக்காரன் மோதாம எத்தனை வருஷம் வெயில்ல காவல் நின்னுருக்கேன். அதுகள்ல ஒண்ணு செத்ததுக்கப்புறம் எனக்கு ஒரு சிட்டிகை எலும்பு தந்தா என்ன குறைஞ்சுபோச்சு. அத விடுங்க. எது நிக்கும்? அதச் சொல்லுங்க."

எது நிக்கும். வெற்றி விகிதம் என்று ஒரு பக்கம் டேப்லெட்டில் இருக்கிறது, பச்சையில் ஏறுகிற கோடு. அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார், சிக்னலில் நிறுத்துகிற அதே கை. "ஒப்பிக்காதீங்க தம்பி. உங்க வீட்டம்மாவுக்குன்னா எத வைக்கச் சொல்லுவீங்க? எலும்பு வச்சுப் பல்லு நின்னத நீங்க உங்க கண்ணால பாத்த ஆள் ஒருத்தரச் சொல்லுங்க."

வீட்டம்மா. ஷீபாவின் பல் எனக்குத் தெரியும், மேல்வரிசையில் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன், அந்தப் பல்லைப் பார்த்தே எவ்வளவு நாளாகிறது, நான் சிரிக்காததால் அவளும் சிரிப்பதில்லையோ என்னவோ. கண்ணால் பார்த்த ஆள். ஒன்பது வருஷத்தில் எத்தனை குப்பி, எத்தனை வாய், ஒரு முகம் நினைவுக்கு வரவில்லை. வருவதற்கு நான் பார்த்திருந்தால்தானே. 'உங்க சரக்கு அந்தக் கேஸ்ல நிக்கலப்பா' என்று டாக்டர்கள் சொன்னது மட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தத் தூளை என் வாய்க்குள் வைத்து நான் கற்பனை செய்து பார்த்ததுண்டு, குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது. வைப்பார்கள். தைப்பார்கள். நிற்காது. அதற்குப் பிறகு என்ன மூஞ்சியோடு பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிப் படி ஏறுவது. காட்டாமல் இருந்தால் நிற்கலாம் என்ற ஒரு வாய்ப்பாவது கையில் இருக்கிறது. இப்படித்தான் ஒரு வருஷம் போயிருக்கிறது என்று அந்த நாற்காலியில், அவர் பதிலுக்குக் காத்திருந்தபோது, முதல் தடவையாகத் தெரிந்தது. அதிர்ச்சி எல்லாம் இல்லை. ஓஹோ, இதுதானா என்று இருந்தது.

"நான் யாரையும் பாத்ததில்ல மேடம்" என்றேன். "படத்துலதான் பாத்துருக்கேன். உள்ளதச் சொன்னா, பழைய எலும்பு அப்படியே திரும்ப வராது. பள்ளத்துல பாதி நிரம்பும், சிலருக்குக் கூட நிரம்பும். பள்ளம் குறுகலா, கிணறு மாதிரி சுத்துச்சுவரோட இருந்தா பிடிக்கும். வரிசை பூரா மேலாக்க கரைஞ்சுபோயிருந்தா எந்தத் தூளக் கொட்டுனாலும் நிக்காது. மாட்டெலும்பா ஆலை எலும்பாங்கிறது ரெண்டாவதுதான். டாக்டர் கை நல்லா இருக்கணும். அதுக்கப்புறம் தினம் நீங்க வாயச் சுத்தமா வச்சிருக்கணும், சர்க்கரை இருந்தா அத அடக்கணும். அதெல்லாம் செஞ்சா பல்லு கொஞ்ச வருஷம் கூட நிக்கும். எவ்வளவு வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது."

இப்படிப் பேசினது மேலாளர் காதில் விழுந்தால் அன்றைக்கே பையை வாங்கி வைத்துக்கொள்வார். செண்பகவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை இல்லை, வாயை. நீளமாகப் பேசியதில் உதட்டை மறந்துவிட்டேன் போல.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் ஆடுது, என்ன?"

"இல்ல மேடம்."

"சரி" என்றார். பொய் சொல்கிறவனிடம் போலீஸ் சொல்கிற சரி.

பிரிசில்லா அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து சேலையைச் சரி செய்தார். இறங்கிப் போகிற படி ஒரு பக்கம், உள்ளே போகிற கண்ணாடிக் கதவு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் நின்றார். போய்விடுவார், நான் சொன்னதைக் கேட்டு மகள் பேச்சுப்படியே பிடுங்கிக்கொள்வார், நான்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு, திரும்பிப் போகாமல் உள்ளே போய் அது நிற்கவில்லை என்றால் அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்தேன். எலும்பு விற்கிறவனுக்கு இரண்டு வழியிலும் தப்ப முடியாது. அவர் குப்பியை என் கையில் திருப்பித் தந்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஷூ சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

அதற்குப் பிறகு வரவேற்பறையில் ஒன்றும் நடக்கவில்லை. டி.வி.யில் சத்தமில்லாமல் ஒரு பெண் அழுதாள், விளம்பரம் வந்தது, மறுபடி அழுதாள். கீழே ரெடிமேட் கடையில் ஆடித் தள்ளுபடி என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போய்விடலாமா என்று நினைத்தேன், ஆர்டரை நாளைக்குப் போனில் கேட்டுக்கொள்ளலாம். எழுந்து போகவில்லை. ஷீபா இந்நேரம் என்ன செய்வாள் என்று யோசித்தேன். சாயங்காலம் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் போன் பண்ணுவாள், வரும்போது இதை வாங்கி வாருங்கள் என்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளாகப் பண்ணுவதில்லை. யார் என்று நினைத்திருப்பாள், பிரிசில்லாவையா, ஏதாவது லேடி டாக்டரையா, ஒரு முகம் வைத்திருப்பாளா அந்த இன்னொருத்திக்கு. அந்த இன்னொருத்தி உண்மையில் எப்படி இருக்கிறாள் என்று நினைத்தபோது நாக்கு போய் அவளைத் தொட்டது, வெளியே சாய்ந்தாள், திரும்பி வந்து நின்றாள். சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சிரிக்கிற விஷயம் இல்லை இது, ஒரு பெண் இல்லாத ஒருத்தியோடு ஒரு வருஷமாக அதே வீட்டில் குடியிருக்கிறாள்.

கதவு திறந்தது. நர்ஸ். "ரெப் சார், இயற்கை… அந்த மாட்டெலும்பு அரை கிராம் வச்சிருக்கீங்களா? பள்ளம் நெனச்சதவிட ஆழமா இருக்காம். எடுத்துக்கிட்டு உள்ள வரச் சொல்லுதாங்க, குப்பியில போட்டிருக்க லாட் நம்பர டாக்டர் பாத்து வாங்கணுமாம்."

சாக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலைக்கு ஒரு குல்லா, வாய்க்கு மாஸ்க், காலுக்கு வேறு செருப்பு கொடுத்தார்கள். மாஸ்க் போட்டதும் ஒரு நிம்மதி வந்தது, உலகமே இதை மாட்டிக்கொண்டு திரிந்த இரண்டு வருஷத்தில் எனக்குப் பல் ஆடவில்லை, ஆடியிருந்தால் எவ்வளவு வசதி. உள்ளே விளக்கு வெள்ளையாக எரிந்தது. செண்பகவல்லியின் முகத்தைப் பச்சைத்துணியால் மூடியிருந்தார்கள், வாய் மட்டும் திறந்த வட்டம். டாக்டர் கோமதி தலையைத் தூக்காமல், "வாங்க ஞானதுரை, லாட் நம்பர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நர்ஸ் வெளிக்கவரைப் பிரித்து உள்குப்பியைத் தட்டில் விழவைத்தாள். அதோடு என் வேலை முடிந்தது. திரும்பியிருக்கலாம். நான் பார்த்துவிட்டேன். ஈறு ஒரு கதவைப் போல விலக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பல்லின் வேர், நான் நினைத்ததைவிட ரொம்ப நீளம், தாமிரபரணியில் வெள்ளம் மண்ணை அரித்துப்போன பிறகு கரையில் மருதமரம் வேரோடு தெரியுமே, அப்படி. மரம் நிற்கத்தான் செய்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் பள்ளம். ஒன்பது வருஷமாக நான் கறுப்பு நிழலாக மட்டும் அறிந்த பள்ளம், சிவப்பாக, ஈரமாக, சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவில். இவ்வளவு சின்னதா. டாக்டர் என் ரவையை அந்த அம்மாளின் ரத்தத்திலேயே குழைத்தார், வெள்ளை நிறம் போய் ஆற்றுமணல் மாதிரி ஒட்டிக்கொண்டது. குட்டிக் கரண்டியில் அள்ளி, வைத்து, மெல்ல அமுக்கி, மறுபடி வைத்து. அழுத்தி அடைக்கவில்லை. விதைக்குழியில் மண் போடுகிற மாதிரி லேசாகத்தான். வெங்காயத்தோல் போன்ற ஒரு சவ்வால் மேலே மூடினார், ஈறை இழுத்துத் தைத்தார். எனக்கு மயக்கம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். துணிக்கு வெளியே செண்பகவல்லியின் இடதுகை தெரிந்தது, நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவு தைரியமாகப் பேசியவரின் கை. யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் வேலை இருந்தது. நான் சும்மா நின்றேன், ஆனால் தொடக் கூடாது, சுத்தம் செய்த இடம். "முடிஞ்சது மேடம், நல்லா வந்துருக்கு" என்று சொன்னேன். என் குரல் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார், அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன்.

செண்பகவல்லியை ஆட்டோ ஏற்றிவிட நர்ஸ் கூடப் போனாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு போகும்போது என் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "சொல்லுங்க ஞானதுரை, புது சரக்கு ஏதும் வந்துருக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர். ஒண்ணு பாக்கணும்."

"என்ன?"

மாஸ்க்கைக் கழற்றினேன். "என் வாய."

அவர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். சாய்வு நாற்காலியைக் கையால் காட்டினார். படுத்தபோது விளக்கு கண்ணில் அடித்தது, கீழேயிருந்து பார்த்தால் இவ்வளவு வெளிச்சம் என்று நினைத்ததில்லை. ஊசி போன்ற அளவுகோலை ஈறுக்குள் இறக்கி இறக்கி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று எண்களைச் சொன்னார், திரும்பி வந்த நர்ஸ் எழுதினாள். எல்லாம் எனக்குத் தெரிந்த எண்கள். நாலு என்றால் கவனிக்க வேண்டியது, ஐந்துக்கு மேல் எங்கள் கம்பெனிக்கு நல்ல செய்தி. ஏழு என்றார், எட்டு என்றார். யாரோ ஒரு ஆளின் வாய் மோசமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் டாக்டர் வாய்க்குள் விட்ட கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, "எவ்வளவு நாளா ஞானதுரை? எங்க எல்லாரையும் வாரா வாரம் பாக்கீங்களே" என்றார், கோபமாக இல்லை, புரியாமல். மறுபடி வாயைத் திறந்தேன். முதலில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், அடங்கின பிறகு மூன்று பல்லுக்கு எலும்பு வைத்துப் பார்க்கலாம், நடுவிலிருந்து இரண்டாவது இருக்கிறதே அது மட்டும் சந்தேகம், அதைக் காப்பாற்றுவேன் என்று சொல்ல மாட்டேன் என்றார். "எத வைக்கிறதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"நீங்க பாத்து வைங்க டாக்டர்."

"சரி. வீட்ல சொல்லிட்டுத் தேதி சொல்லுங்க. அன்னைக்குக் கூட ஆள் வரணும்."

வெளியே வந்து மாடிப்படியின் திருப்பத்தில் நின்று போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. "ஷீபா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "இருங்க" என்றாள். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. உட்கார்ந்தாள். எதைக் கேட்பதற்காக ஒருத்தி அப்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். "ம். சொல்லுங்க" என்றாள். அத்தான் என்று சொல்லவில்லை.

"பல்லு ஆடுது ஷீபா. கீழ்வரிசையில. ஒரு வருஷமா. வாய் நாறுது, அதான் நான் அந்தப் பக்கமா… உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

லைன் அறுந்துவிட்டதா என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"பல்லா" என்றாள்.

"ஆமா."

"பல்லு மட்டுந்தானா?"

"எலும்பும் கரைஞ்சுருக்கு" என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று சொன்ன பிறகு தெரிந்தது. "வேற ஒண்ணும் இல்ல. யாரும் இல்ல."

"எங்க இருக்கீங்க இப்ப?"

சொன்னேன். "அங்கயே நில்லுங்க" என்று வைத்துவிட்டாள். படியிலேயே உட்கார்ந்தேன். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒதுங்கி வழிவிட்டேன். என்ன சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன், அத்தனையும் என் குரலிலேயே வந்தன. அவள் குரல் எப்படிப் போகும் என்று கிட்டத்தட்ட மறந்திருந்தேன். கீழே ஆட்டோ நிற்கிற சத்தம். வீட்டில் உடுத்தியிருந்த நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள், தலைகூட வாரவில்லை, முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. எனக்கு இரண்டு படி கீழே நின்றாள். அப்போது எங்கள் முகம் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பினேன்.

"திருப்பாதீங்க. வாயத் திறங்க."

"இங்க வச்சா? ஆளு வரும் ஷீபா."

"திறங்க அத்தான்."

திறந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன், அவள் முகத்தில் படக் கூடாது என்று. அவள் போனில் டார்ச்சைப் போட்டு எட்டிப் பார்த்தாள், மூக்கைச் சுளிக்கவில்லை, பின்வாங்கவில்லை. எது என்று கேட்டாள். விரலால் காட்டினேன். துப்பட்டாவின் ஓரத்தில் விரலைத் துடைத்துவிட்டு அந்தப் பல்லைத் தொட்டாள், மெதுவாக ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள், இன்னொரு தடவையும் அசைத்துப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "ஆடத்தான் செய்யுது."